கணக்கில் மட்டும் இருந்த முட்டு

அந்த அலுவலகத்தில் அவளுக்கு வலைக்காரம்மா என்று பெயர். மீன் பிடிக்கிற வலை இல்லை. கட்டப்போவது கூரையோ தொட்டியோ கோபுரமோ, கணினித் திரையில் அதன்மேல் ஒரு வலையைப் போர்த்தி, சின்னச் சின்னக் கட்டங்களாக நறுக்கி, ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு தாங்கும், எவ்வளவு வளையும் என்று கணக்குப் போடுவதுதான் அவள் பிழைப்பு. இருபத்திரண்டு வருஷமாக அதே மேஜை, அதே ஜன்னலோரம். இன்றைக்கு எத்தனை கிலோ மாட்டியது என்று வரைபடக்காரர்கள் சீண்டுவார்கள். நீங்க வரைஞ்ச லட்சணத்துக்கு நண்டுதான் மாட்டும் என்பாள். வாய் கொஞ்சம் நீளம். வேலையில் குறை சொல்ல இனிமேல்தான் ஒருத்தர் பிறக்கவேண்டும் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வாள், அதையும் அந்த நீளத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தட்டையான தளம் என்றால் அவளுக்குக் கொட்டாவி வரும். இரண்டு பங்கு பாரம் வைத்தால் இரண்டு பங்கு வளையும். ஒரு தடவை கணக்குப் போட்டால் முடிந்தது கதை. அவள் ஆசையெல்லாம் மெல்லிசாக வளைந்து நிற்கிற கூரைகள்மேல். ஷெல் என்பார்கள். அது தனி ரகம். பாரம் ஏற ஏற அதன் உருவமே மாறும்; உருவம் மாறினால் பலமும் மாறும்; போன நிமிஷத்துக் கணக்கு இந்த நிமிஷத்துக்குச் செல்லாது. பிஸ்கட் டின் மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்திருப்பீர்கள். தாங்கும், தாங்கும், தாங்கிக்கொண்டே இருக்கும், அப்புறம் டப்பென்று உள்ளே போய்விடும். அதனால் இந்த ரகக் கூரைக்கு மொத்தப் பாரத்தையும் ஒரேயடியாக ஏற்றக்கூடாது. கொஞ்சம் ஏற்றி, கூரை எப்படி நெளிந்திருக்கிறது என்று பார்த்து, அந்த நெளிந்த உருவத்தின்மேல் அடுத்த கொஞ்சம். ஒவ்வொரு படியிலும், மேலிருந்து அழுத்துவதும் கீழிருந்து தாங்குவதும் சரிக்குச் சரியாக வரும்வரை மென்பொருள் திருப்பித் திருப்பிக் கணக்குப் போடும். வரவே வராவிட்டால் நின்றுவிடும்.

ஏன் நின்றது என்று மட்டும் சொல்லாது. கூரை உண்மையிலேயே தாங்காமல் போயிருக்கலாம். இல்லை, கூரை கல்லுக்குண்டு மாதிரி இருக்கும், மென்பொருளுக்குத்தான் வழி தெரியாமல் முழி பிதுங்கும். இரண்டுக்கும் திரையில் வருவது ஒரே சிவப்பு வரி. பத்துக்கு ஒன்பது தடவை அது மென்பொருளின் அடம்தான் என்பது அவள் அனுபவம். இந்த வேலையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

அவளுக்கு ஒரே தம்பி. அம்மா கண்ணை மூடியபோது அவளுக்குப் பத்தொன்பது, அவனுக்கு எட்டு. அப்பா இருந்தும் இல்லாத கணக்கு. வேலை வேலை என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த மனுஷர். தம்பிக்குத் தலை வாரிவிட்டது, காய்ச்சலில் நெற்றிக்கு ஈரத்துணி போட்டது, பள்ளிக்கூடத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்று அவனுக்காகத் திட்டு வாங்கியது எல்லாம் அவள்தான். படிப்பு அவனுக்கு வேப்பங்காய். தண்ணீரைக் கண்டால் மட்டும் ஆளே வேறு. இவன் எப்படிக் கரையேறப் போகிறானோ என்று அவள் புலம்பினால், கரையேறவேண்டாம், தண்ணியிலேயே இருந்துக்கறேன் என்பான். அவளுக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், நகரத்து உள்ளரங்க நீச்சல் குளத்துக்குக் கூரை போடும் வேலை அவள் அலுவலகத்துக்கு வந்தது. நாற்பத்தாறு மீட்டர் அகலத்துக்கு நடுவில் ஒரு தூண்கூட இல்லாத காங்கிரீட் ஷெல். கனம் எட்டே சென்டிமீட்டர். கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற நாலையும் சேர்த்து வைத்தால் வருகிற அகலம், அவ்வளவுதான். படத்தைப் பார்த்ததும் அவளுக்கு வாயெல்லாம் பல். வீட்டில் புருஷனிடம் அதையே பேசிப் பேசி அவர் காதில் ரத்தம் வராத குறை. அவர் பல் செட் செய்கிறவர், எதையும் நிதானமாகக் கேட்கிற ஜாதி, அதனால் தப்பித்தாள்.

வலை போட்டாள். பாரத்தைப் படிப்படியாக ஏற்றினாள். முழுப் பாரம் என்றால் தினம் வருகிற பாரம் இல்லை. கூரையின் சொந்த எடை, மேலே தேங்கக்கூடிய மழைத்தண்ணீர், அடியில் தொங்கவிடக்கூடிய சாமான் எல்லாவற்றையும் கூட்டி, அதற்குமேல் காப்புக்கென்று கொஞ்சம் ஏற்றிவைத்த எண். அதில் நூற்றுக்கு எண்பத்திரண்டு வந்ததும் கணக்கு நின்றது. படியைச் சின்னதாக்கினாள், எண்பத்திரண்டு. கட்டங்களைப் பொடிப்பொடியாக்கினாள், எண்பத்திரண்டு. தலைகீழாக நின்று பார்த்தாள், அதே எண்பத்திரண்டு. ஒரே இடத்தில் வந்து வந்து நிற்கிறதே, இது ஏதோ சொல்ல வருகிறதே என்று அன்றைக்கு யாராவது அவள் காதைத் திருகியிருக்கவேண்டும். யாரும் இல்லை. வரைபடங்கள் வெள்ளிக்கிழமை போயாகவேண்டும், அன்றைக்கு வியாழன் சாயங்காலம்.

மென்பொருளில் டிக் போடுகிற ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதைத் தட்டிவிட்டால், கூரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு முட்டுக் கொடுத்துவிடும். நிஜத்தில் அப்படி எதுவும் கிடையாது. கணக்கு தடுக்கி விழாமல் இருப்பதற்கான கைத்தாங்கல். அதில் தப்பில்லை, எல்லாரும் செய்வதுதான். ஆனால் செய்துவிட்டு, மொத்தப் பாரத்தில் அந்த முட்டு எவ்வளவு சுமந்தது என்று ஒரு வரைகோடு போட்டுப் பார்க்கவேண்டும். துளியூண்டு என்றால் பரவாயில்லை. அள்ளிச் சுமந்திருந்தால், நின்றது கூரை இல்லை, முட்டு.

அவள் கட்டத்தைத் தட்டினாள். கணக்கு எண்பத்திரண்டைத் தாண்டி நூறுவரை வழுக்கிக்கொண்டு போனது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். ‘முழுப் பாரத்திலும் கூரை நிலையாக உள்ளது’ என்று அறிக்கையில் எழுதினாள். அந்த வரைகோட்டைத் திங்கட்கிழமை ஆற அமரப் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தாள். திங்கட்கிழமை மேஜையில் ஒரு புகைபோக்கியின் வரைபடம் வந்து உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான் நடந்தது. சோம்பேறித்தனம் இல்லை, திருட்டுத்தனம் இல்லை. ஒரு திங்கட்கிழமை கைநழுவிப் போனது.

குளம் திறந்தது. அடுத்த வருஷமே அங்கே நீச்சல் சொல்லிக்கொடுக்க ஆள் எடுத்தார்கள். தம்பிக்கு வேறு ஓர் இடத்திலும் கூப்பிட்டிருந்தார்கள். அவள்தான் விடவில்லை. அக்கா போட்ட கூரைக்குக் கீழே வேலை பார்க்கக் கசக்குதா என்று கேட்டாள். அவன் சேர்ந்தான். பத்து வருஷமாகத் தினமும் சாயங்காலம் அந்தக் கூரைக்கு அடியில் விசிலும் கையுமாக நிற்கிறான். புதுப் பிள்ளைகளிடம், மேல பாருங்க, எங்கக்கா செஞ்சது என்று காட்டுவானாம். அதைக் கேட்டு அவள் பூரித்துப் போவாள்.

இந்த வருஷம் குளத்து நிர்வாகம், ஈரக்காற்றை உறிஞ்சும் பெரிய குழாய் ஒன்றைக் கூரையிலிருந்து தொங்கவிடலாமா என்று கேட்டு எழுதியது. பழைய கோப்பைத் திறந்தாள். குழாயின் எடையைச் சேர்ப்பதற்கு முன்னால், பழைய கணக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று வழக்கம்போல ஒரு நோட்டம். அப்போதுதான் அந்த வரைகோடு போடவே இல்லை என்பது கண்ணில் பட்டது. போட்டாள். முழுப் பாரத்தில் நூற்றுக்கு முப்பத்தெட்டை அந்த முட்டு சுமந்திருந்தது.

முதலில் நம்பவில்லை. பக்கத்து மேஜைக்காரர் தேநீர் வேண்டுமா என்று கேட்டதற்கு, ஆமாம் என்றாளா இல்லை என்றாளா என்று அவளுக்கே தெரியாது. அடுத்த ஐந்து நாளும் குனிந்த தலை நிமிராமல், முட்டு எதுவும் கொடுக்காமல், பாரத்தை முன்னும் பின்னுமாக விட்டுப் பிடித்துப் போகிற பொறுமையான வழியில் கணக்கைத் திரும்பப் போட்டாள். தாங்கும் பாரத்தைக் காட்டுகிற கோடு எண்பத்திரண்டு வரை ஏறியது, அங்கே திரும்பி இறங்கியது. இந்தத் தடவை மென்பொருளுக்கு எந்த அடமும் இல்லை. அவள் எழுதிக்கொடுத்த கூரை, அவள் எழுதிக்கொடுத்த பாரத்தைத் தாங்காது. அது இத்தனை வருஷம் நின்றது, அந்தப் பாரம் இன்னும் வராததால்.

அலுவலகத்தின் தலைமைப் பொறியாளருக்கு, முதுகுக்குப் பின்னால், முத்திரை என்று பெயர். எல்லா வரைபடத்திலும் விழுகிற முத்திரை அவர் மேஜை இழுப்பறையில் இருந்தது. கத்துவார், மேஜையைத் தட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனாள். பாவம், அவர் அதெல்லாம் செய்யவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"விழுமா?" என்றார்.

"தெரியல சார்."

"எப்ப விழும்னாவது?"

"அதுவும் தெரியல. மேல தண்ணி எவ்வளவு தேங்குதுங்கிறதப் பொறுத்தது."

வரைபடத்தில் இருப்பதைவிடக் காங்கிரீட்டைத் தடிப்பாகத்தான் ஊற்றியிருப்பார்கள், எங்கேயும் அதுதானே வழக்கம் என்றார் அவர். இருக்கலாம், தடிப்பானால் எடையும் கூடும் என்றாள் இவள். பதினோரு வருஷமாக ஒரு கீறல்கூட இல்லையே என்றார். ஷெல் போவதற்கு முன்னால் கீறல் காட்டவேண்டும் என்று கட்டாயம் இல்லை, அது உங்களுக்கே தெரியும் என்றாள். அவருக்குத் தெரியும்.

"அப்ப நான் என்னன்னும்மா எழுதறது?"

அதுதானே! அவளுக்கு மட்டும் என்ன தெரியும்? திரையில் இருக்கிற கூரை எண்பத்திரண்டில் மடங்கும். குளத்துக்கு மேலே இருக்கிற கூரை எந்த உருவத்தில் இருக்கிறது என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. சாரம் பிரித்தபோது எவ்வளவு இறங்கியது, இத்தனை வருஷத்தில் எங்கே அமுங்கியிருக்கிறது, ஒருத்தரும் அளக்கவில்லை. இரண்டு விரல் அளவு அமுங்கல்கூடக் கணக்கைப் புரட்டிப் போட்டுவிடும். நூற்றுப் பத்தும் தாங்கலாம். அறுபதிலேயே போகவும் போகலாம். நல்ல கணக்குக்காரி என்று பேர் எடுத்தவளுக்குக் கையில் ஓர் எண் இல்லை.

முத்திரை நல்ல மனுஷர், அதனால் எழுதினார். பயந்த மனுஷர், அதனால் பூசி மெழுகி எழுதினார். ‘கூரையின் நிலைத்தன்மை குறித்து மேலும் ஆய்வு தேவைப்படலாம்’ என்று போனது கடிதம். தேவைப்படலாமாம்! குளத்து நிர்வாகம் ரொம்ப மரியாதையாகப் பதில் போட்டது: தங்கள் அலுவலகமே கொடுத்த பழைய அறிக்கையில் கூரை நிலையாக உள்ளது என்று தெளிவாக இருக்கிறது, இரண்டில் எதை நாங்கள் எடுத்துக்கொள்வது? கூடவே அவள் எழுதிய அந்த வரியை அடிக்கோடிட்டு நகல் வைத்திருந்தார்கள். குழாயை மட்டும் தொங்கவிடவில்லை. கூரையை அளக்கவேண்டுமானால் குளத்தை வடிக்கவேண்டும், சாரம் கட்டவேண்டும், ஆறு மாசம் பூட்டவேண்டும். அடுத்த வருஷ விடுமுறையில் பரிசீலிக்கிறோம் என்றார்கள்.

அவள் விடவில்லை. நகரக் கட்டட அதிகாரிக்குத் தன் பெயரிலேயே எழுதினாள், பூசாமல் மெழுகாமல், தப்பு என்னுடையது என்று. கிணற்றில் போட்ட கல். மூன்று வாரம் கழித்து நேரில் போனாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண், உங்க கடிதம் பார்வையில இருக்கு என்றாள். யார் பார்வையில் என்று கேட்டாள். அந்தப் பெண் கணினியைப் பார்த்துவிட்டு, கருத்துக் கேட்டு உங்க அலுவலகத்துக்கே அனுப்பியிருக்காங்க என்றாள். அது உண்மைதான். நாலு நாள் கழித்து அந்தக் கடிதம், ‘தக்க நிபுணரின் கருத்துக்காக’ என்ற குறிப்போடு, அவள் மேஜைக்கே வந்து சேர்ந்தது. இதற்குச் சிரிப்பதா அழுவதா? அவள் இரண்டும் செய்தாள், கழிப்பறையில் போய்.

தம்பியிடம் எப்போது சொன்னாள் என்று கேட்பீர்கள். முத்திரையிடம் சொன்ன அன்றைக்கே சொல்லிவிட்டாள். அவன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், அவன் பெண்டாட்டி கடைக்குப் போயிருந்த நேரம். பிஸ்கட் டின் மூடியை எடுத்து அழுத்திக் காட்டினாள். அவன் முதலில் சிரித்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"நீ அங்க போகாதடா."

"நான் போகலன்னா வேற ஒருத்தன் வந்து நிப்பான்க்கா. பசங்க வந்துட்டுத்தான் இருப்பாங்க."

தன் தம்பி பிழைத்தால் போதும் என்று ஒரு கணம் நினைத்தவள்தான். அவன் சொன்னதைக் கேட்டதும் அந்த நினைப்புக்கே கூசிப்போனாள். அடுத்த நாள் அவன் அவளைக் குளத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். அண்ணாந்து பார்த்தாள். வெள்ளை வெளேரென்று, வழவழவென்று, ஒரு கீறல் இல்லை, ஒரு கசிவு இல்லை. எங்கே முதலில் மடங்கும் என்று அவளுக்குத் தெரியும். நடுவிலிருந்து கொஞ்சம் வடக்கே, பார்வையாளர் படிக்கட்டுக்கு நேர் மேலே. அந்த இடத்தையே வெறித்துப் பார்த்தாள். அது சும்மா இருந்தது.

அவன் கேட்டுக்கொண்டதெல்லாம் ஒன்றுதான்: நான் என்ன செய்யணும், அதைச் சொல்லு. கூரையின் ஓரத்தில் மழைத்தண்ணீர் இறங்க நாலு துளைகள் உண்டு, அடைக்காமல் பார்த்துக்கொள் என்றாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏணி போட்டு ஏறிச் சருகை வழித்துப் போட்டான். மழை கொட்டினால் பிள்ளைகளை வெளியே எடுத்துவிடு என்றாள். எடுத்தான். முதல் தடவை பெற்றோர்கள் மின்னல் பயம் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டாம் தடவை, போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது இது என்ன கூத்து என்று சண்டைக்கு வந்தார்கள். நிர்வாகி அவனைக் கூப்பிட்டு, காரணத்தை எழுத்தில் கொடு என்றார். கூரை விழும் என்று எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டான். விழும் என்று எழுதச் சொல்ல அவளால் முடியவில்லை. விழாது என்று சொல்லவும் முடியவில்லை. இன்னொரு தடவை பிள்ளைகளை எடுத்தால் வேறு ஆள் பார்க்கவேண்டியிருக்கும் என்று நிர்வாகி சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் அவள் வேறு ஆளாகிப்போனாள். சாப்பாடு இறங்கவில்லை. அலுவலகத்தில் நண்டு, மீன் எதுவும் இல்லை, வாய் ஒட்டிக்கொண்டது. காலையில் எழுந்ததும் முதல் வேலை வானத்தைப் பார்ப்பது. செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டாய், விட்டுவிடு என்றார் புருஷன். அவர் சொன்னது சரிதான். சரியான பேச்சு எதுவும் அவளுக்கு உதவவில்லை. ஒருநாள் அவரிடம் சொன்னாள், ஆளில்லாத நேரமாகப் பார்த்து அது விழுந்து தொலைக்கவேண்டும் என்று தினம் வேண்டிக்கொள்கிறேன் என்று. தான் பெற்ற பிள்ளையாகக் கொண்டாடிய கூரை! அவர் கையில் இருந்த மெழுகுப் பல்லைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியத்திலிருந்தே வானம் இருண்டுகொண்டு வந்தது. மூன்றரை மணிக்குப் பிடித்தது மழை. சாதாரண மழை இல்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கத்துக் கட்டடம் கண்ணுக்குத் தெரியவில்லை. தம்பியைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் தடவை எடுத்தான், பின்னால் தண்ணீர் அடிக்கிற சத்தம்.

"பெரிய பசங்க தண்ணியில இருக்காங்கக்கா. என்னால எடுக்க முடியாது, நிர்வாகி இங்கயேதான் நிக்கறார். சின்னதுங்கள மட்டும் உடை மாத்துற அறையில உக்கார வெச்சிருக்கேன், ஏதோ ஒரு சாக்கு சொல்லி. அவ்வளவுதான் என்னால ஆகும்."

உடை மாற்றும் அறைக்கு மேலே இந்த ஷெல் இல்லை, தனியாகத் தட்டைத் தளம். அந்த அறையில் சின்னப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். சரிடா என்று வைத்துவிட்டாள். மணி நாலு ஆனது. மழை விடவில்லை. திரையில் வேறு ஏதோ தொட்டியின் வலை விரிந்திருந்தது, அதில் ஓர் எண்ணும் அவள் கண்ணில் ஏறவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திடீரென்று எழுந்தாள், குடையை எடுத்தாள், முத்திரை ஏதோ கேட்டார், காதில் வாங்காமல் இறங்கிப் போனாள்.

போய் என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. கூரையைக் கையால் தாங்கிப் பிடிக்கப் போகிறாளா? பேருந்தில் ஜன்னலோரம் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தபோது ஒன்றே ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. அவனை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது அவள். அவன் அங்கே நிற்கும்போது, தான் மட்டும் காய்ந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க முடியாது. விழுவதானால் என் தலையிலும் விழட்டும். அப்படித்தான் நினைத்தாள், அப்படியே அந்தச் சொற்களில்.

குளத்துக்குள்ளே வெதுவெதுப்பும் மருந்து வாசனையுமாக இருந்தது. எட்டு சென்டிமீட்டர் காங்கிரீட்டின்மேல் மழை இடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்காது. பார்வையாளர் படிக்கட்டில் நாலைந்து பெற்றோர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஏறினாள். நடுவிலிருந்து கொஞ்சம் வடக்கே, எந்த இடம் முதலில் மடங்கும் என்று அவளுக்குத் தெரியுமோ, அதற்கு நேர் கீழே போய் உட்கார்ந்தாள். ஈரக் குடையை மடியில் வைத்துக்கொண்டாள். அண்ணாந்து பார்க்கத் தைரியம் இல்லை, தண்ணீரையே பார்த்தாள். பெரிய பிள்ளைகள் வரிசையாக நீந்திப் போய்த் திரும்பினார்கள். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்து, பதினேழில் விட்டுவிட்டாள்.

தம்பி அந்தக் கரையிலிருந்து அவளைப் பார்த்துவிட்டான். முதலில் நம்பாமல் கண்ணைச் சுருக்கினான். அப்புறம் அவன் முகம் மலர்ந்ததே! இத்தனை மாசத்தில் அவன் முகத்தில் அவள் பார்க்காத மலர்ச்சி. குளத்தைச் சுற்றி ஓட்டமும் நடையுமாக வந்து, இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறி, அவள் முன்னால் நின்றான். காலிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"கணக்கு சரியாயிடுச்சா?" என்றான்.

"இல்லடா."

"சும்மா சொல்லாத. இந்த மழையில, இங்க வந்து, நீயே உக்காந்திருக்க. பயம் இருந்தா வருவியா?"

"பயந்துதான்டா வந்தேன்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அக்காவுக்குப் பழைய வாய் திரும்பிவிட்டது என்று நினைத்தான். அவள் கன்னத்தை ஈரக்கையால் ஒரு தட்டுத் தட்டினான், சின்ன வயதில் அவள் அவனைத் தட்டுவது மாதிரி. அவள் அவன் கையைப் பிடித்தாள். இல்லை, கேளு, எதுவும் மாறவில்லை, ஒன்றும் சரியாகவில்லை, நான் சும்மா உன்கூட இருக்கத்தான் வந்தேன் என்று சொன்னாள். சொன்னது அவளுக்கே கேட்கவில்லை, மேலே அப்படி இடித்துக்கொண்டிருந்தது. எனக்கு இது போதும்க்கா, நீ வந்ததே போதும் என்று அவள் காதோரம் குனிந்து கத்திவிட்டு, கையை விடுவித்துக்கொண்டு இறங்கி ஓடினான். அவள் எழுந்தாள். கூப்பிட்டாள். அவன் திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தி ஆட்டினான்.

உடை மாற்றும் அறையின் கதவைத் திறந்து விசில் ஊதினான். அடைத்துவைத்த கடுப்பில் இருந்த பன்னிரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். அவன் அவர்களை ஓரத்தில் வரிசையாக நிறுத்தினான், அவள் பக்கம் கை காட்டி அவர்களிடம் ஏதோ சொன்னான். பன்னிரண்டு முகமும் அவளை நிமிர்ந்து பார்த்தது. ஒரு குட்டிப்பெண் கையசைத்தாள். அப்புறம் ஒவ்வொருவராக ஏணியைப் பிடித்துத் தண்ணீரில் இறங்கினார்கள்.